யாருக்காகக் கண்ணீர் விட்டார்கள்? 'ஹங்கர் கேம்ஸ்' திரைப்படமும் அதன் பார்வையாளரும்



ஒரு நூல் திரைப்படமாகும்போது, 'நூல் சிறந்ததா, படம் சிறந்ததா' என்னும் கேள்வியே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதனுள் எதனைக் கண்டார்கள்? எதற்காகச் சினந்தார்கள்? யாருக்காகக் கண்ணீர் விட்டார்கள்? 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராயலாம் என எண்ணுகிறேன். படம் பழையதாயிற்றே எனச் சிலர் நினைக்கலாம். அந்தத் தொடரின் ஐந்தாம் நாவல் 2025இல்தான் வெளிவந்தது. நம் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் புத்தகப் பைகளில் அந்நூல்களை இன்றும் காண்கிறோம். ஆகவே இது பழங்கதை அன்று.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2008இல் வெளியிட்ட இளையோர் நாவல் இது. அழிந்துபோன வட அமெரிக்காவின் மீது, வருங்காலத்தில், 'பானெம்' என்றொரு நாடு எழும்பியிருக்கிறது. செல்வச் செழிப்பில் திளைக்கும் தலைநகரம் ஒன்று. அதற்காக உழைத்துத் தேயும் வட்டாரங்கள் பன்னிரண்டு. முன்னொரு காலத்தில் கிளர்ச்சி செய்ததற்குத் தண்டனையாக, ஒவ்வொரு வட்டாரமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒரு களத்தில் விடப்படுவார்கள். ஒருவரையொருவர் கொன்று கடைசியில் எஞ்சும் ஒருவரே வெற்றியாளர். இந்தக் கொடுமை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் விழாவாகக் காட்டப்படும். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான காட்னிஸ், தன் 12 வயதுத் தங்கை பிரிம்மின் பெயர் சீட்டில் விழுந்ததும், அவளுக்கு மாற்றாகத் தானே முன்வருகிறாள். அங்கிருந்து கதை நகர்கிறது.

இக்கதையின் வேர் நமக்கு அந்நியமானதன்று. ஏகசக்கர நகரத்தார் பகாசுரனுக்கு முறைவைத்து, வண்டிச் சோற்றோடு வீட்டுக்கு ஓர் ஆளையும் அனுப்பிய கதையை நாம் வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! காலின்ஸ் தமக்கு வித்தாகக் குறிப்பிடுவது கிரேக்கப் புராணத்தின் தீசியஸ் கதையை. ஏதென்ஸ் நகரத்து இளையோர் மாட்டுத்தலை அரக்கன் மினோட்டாருக்கு இரையாக அனுப்பப்பட்ட கதை அது. 'இந்த முறை நம் வீட்டுப் பிள்ளை இல்லை' என்று ஊரார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நொடிதான் இரண்டு கதைகளுக்கும் பொதுவான அவலம். மற்றொரு வித்தையும் காலின்ஸ் கூறியிருக்கிறார். ஓர் இரவு அவர் தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் போட்டி நிகழ்ச்சியில் மோதிக்கொண்டிருந்தனர். மற்றொன்றில் ஈராக் போர்க் காட்சிகள் ஓடின. களைத்த கண்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்தனவாம். போரும் பொழுதுபோக்கும் ஒரே திரையில் ஒரே பொருளாகிவிடும் அச்சமே இந்நாவலாயிற்று.

ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் பாதித்தது சீட்டு முறையாகும். சீட்டு என்றால் அனைவருக்கும் பொது என்றுதான் எண்ணுவோம். இங்கு அப்படியில்லை. பசித்த வீட்டுப் பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாக ஒரு முறை எழுதிப் போட்டால் ஓராண்டுக்குரிய சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். இப்படியே போட்டுப் போட்டு, காட்னிஸின் நண்பன் கேலின் பெயர் அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் 42 முறை இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் பெயரோ சில முறைதான். குடுவை ஒன்று, குலுக்கும் கை ஒன்று, விதியும் ஒன்று. ஆனால் ஏழையின் பெயரே அடிக்கடி கைக்கு வருகிறது. 'வாய்ப்பு எல்லாருக்கும் சமம்தானே' என்று யாராவது சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 42 சீட்டுகள் நினைவுக்கு வருகின்றன. இதனை ஒரு பாடமாகவே நடத்தலாம்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். கேரி ராஸ் இயக்கினார். ஜெனிஃபர் லாரன்ஸ் காட்னிஸாக நடித்தார். முதல் வார இறுதியிலேயே வட அமெரிக்காவில் 15 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. உலகளாவிய வசூல் ஏறத்தாழ 69 கோடி டாலர் எனக் கணக்கிடப்படுகிறது. நூல் முழுதும் காட்னிஸின் வாய்மொழியாகவே நடக்கிறது. படம் அவளுடைய மனத்துக்குள் நுழைய இயலாமல், அதற்கு ஈடாக அவள் காண முடியாத இடங்களுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. களத்தை இயக்கும் கட்டுப்பாட்டு அறை அவற்றுள் ஒன்று. அங்கே வெள்ளுடை அணிந்த பணியாளர்கள், ஒரு பிள்ளையை எரிக்க நெருப்பு எங்கிருந்து பாய வேண்டும் என்பதை அலுவலக வேலை போல் அமைதியாக முடிவு செய்கிறார்கள். படத்தின் மிகச் சிறந்த சேர்க்கை இதுவே என்பது என் கருத்து. இழப்புகளும் உண்டு. நூலில் பீட்டா ஒரு காலையே இழக்கிறான். படத்தில் அவன் முழு உடலோடு திரும்புகிறான். வன்முறைக்கு விலை உண்டு என்பதை நூல் சொல்லும் அளவுக்குப் படம் சொல்லவில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பார்வையாளர் எப்படி ஏற்றனர்?

பதினோராம் வட்டாரத்திலிருந்து வந்த ரூ என்னும் 12 வயதுச் சிறுமி, களத்தில் காட்னிஸுக்குத் துணையாகிறாள். பின்னர் ஈட்டி பாய்ந்து இறக்கிறாள். காட்னிஸ் அவள் உடலைச் சுற்றி மலர்களால் அலங்கரித்து விடைபெறுகிறாள். நூலைப் படித்தவர்களெல்லாம் கலங்கிய இடம் அது. படத்தில் ரூவாக நடித்தவர் அமண்ட்லா ஸ்டென்பெர்க். படப்பிடிப்பின்போது அவருக்கும் 12 வயதுதான். படம் வெளியான சில நாள்களில் டுவிட்டரில் ஓர் அதிர்ச்சி வெளிப்பட்டது. ரூ கறுப்பினச் சிறுமி என்பதைக் கண்டு இளம் இரசிகர் சிலர் ஏமாற்றமும் எரிச்சலும் தெரிவித்தனர். அவள் கறுப்பினத்தவள் என்றறிந்ததும் அவள் சாவு தம்மை முன்போல் வருத்தவில்லை என்றுகூட எழுதினர். பெரும்பாலான பார்வையாளர் அப்படியல்லர்; அவர்கள் கண்ணீரோடுதான் அரங்கை விட்டு வெளியேறினார்கள். எனினும், அந்தச் சிலர் எழுதியதை நாம் ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில் அவர்கள் கதையை அறியாதவர்கள் அல்லர். நூலை நேசித்தவர்கள். முதல் நாளே வரிசையில் நின்றவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், படம் எதையும் மாற்றவில்லை. ரூவின் தோல் அடர்ந்த பழுப்பு நிறம் என்று நூலிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதே வட்டாரத்துத் திரெஷும் அவ்வாறே. அப்படியானால் இவர்கள் எதைப் படித்தார்கள்? ரூ தன் தங்கை பிரிம்மை நினைவூட்டுகிறாள் என்று காட்னிஸ் எண்ணுகிறாள். உருவ அளவிலும் நடத்தையிலும் ஒப்புமை என்பதே நூலாசிரியர் காட்டும் நுட்பம். அவசர வாசகரோ அதனைப் பிடித்துக்கொண்டு, பொன்னிறக் கூந்தலுடைய பிரிம்மின் முகத்தையே ரூவுக்கும் ஒட்டிவிட்டனர். தோலின் நிறத்தைச் சொன்ன வாக்கியம் கண்ணில் பட்டும் கருத்தில் பதியவில்லை. 'கள்ளங்கபடமற்ற சிறுமி' என்றால் வெள்ளைச் சிறுமிதான் என்று மனம் முன்பே முடிவு செய்துவிட்டது.

நாம் ஆண்டு முழுதும் கருத்துணர்தல் கற்பிக்கிறோம். பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறோம். மாணவர் விடையைப் பத்தியிலிருந்து எடுத்து எழுதினால் மதிப்பெண் வழங்குகிறோம். இங்கு நிகழ்ந்தது ஒரு மாபெரும் கருத்துணர்தல் தோல்வியாகும். எழுத்தில் இருப்பதைப் படிக்காமல், தம் மனத்தில் இருப்பதை எழுத்தின் மீது ஏற்றிப் படித்த தோல்வி. சொற்பொருள் தெரியாததனால் அது நேரவில்லை. பரிவு காட்டத் தகுந்தவர் யார் என்னும் பட்டியல் ஒன்று நெஞ்சில் முன்பே எழுதப்பட்டிருந்ததனால் நேர்ந்தது. அந்தப் பட்டியலை அழிக்காத வரையில் எத்தனை பயிற்சி நூல் வாங்கிக் கொடுத்தாலும் வாசிப்பு வளராது.

பார்வையாளரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. நூலில் காட்னிஸ் கறுத்த கூந்தலும் மாநிறமும் உடையவள். 2011இல் அந்தப் பாத்திரத்திற்கு நடிகையைத் தேடியபோது வெள்ளையினப் பெண்களுக்கே அழைப்பு விடுக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. அதனைக் கண்டித்தவர்களும் இருந்தனர். நாயகி வெளுத்தபோது பெருங்கூட்டம் அமைதியாக இருந்தது. துணைப்பாத்திரம் நூலில் உள்ளபடியே கறுப்பாக வந்தபோது மட்டும் சிலருக்குக் கோபம் வந்தது. நடிகருக்கு வெளுப்புத் தோலும் வில்லனுக்குக் கறுப்புத் தோலும் வைத்துப் பழகிய தமிழ்த் திரையுலகின் இரசிகர்களாகிய நாம், இதனை அமெரிக்கர்களின் நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? கறுத்த பிள்ளையைக் கலை நிகழ்ச்சியில் பின்வரிசையில் நிறுத்தும் வழக்கம் நம் பள்ளி மேடைகளில் அறவே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோமா?

மலேசியத் தமிழராகிய நமக்கு ரூவிடம் இன்னுமோர் உறவு உண்டு. பதினோராம் வட்டாரம் விவசாய வட்டாரம். பழத்தோட்டங்களில் உயர்ந்த கிளைகளில் ஏறிப் பறிக்கச் சிறு பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடம் இல்லை, அனைவரும் வேலைக்குப் போக வேண்டும் என்று ரூ காட்னிஸிடம் இயல்பாகச் சொல்கிறாள். விளைவிப்பவர் அதனை உண்டால் சாட்டையடி. மாலையில் வேலை முடிந்ததை அறிவிக்கும் கொடியை மரத்தின் உச்சியிலிருந்து முதலில் காண்பவள் அவள்தான். உடனே ஒரு சிறு பண்ணைப் பாடுவாள். பறவைகள் அதனைத் தோட்டமெங்கும் எடுத்துச் செல்லும். விடியற்காலைப் பெரட்டுக்குப் பெற்றோரோடு எழுந்து, கித்தாத் தோப்பில் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தோட்டப்பள்ளிக்கு ஓடிய தலைமுறை நம் தாத்தா பாட்டிமாருடையது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ரூவின் முகத்தைக் கற்பனை செய்ய அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தாலே போதும்.

ஒரே படத்தை வேறொரு கூட்டம் எப்படிப் பார்த்தது என்பதையும் காண வேண்டும். ரூவுக்கு விடைகொடுக்கும்போது காட்னிஸ் இடக்கையின் நடு மூன்று விரல்களை இதழில் வைத்து உயர்த்துகிறாள். அவள் வட்டாரத்தில் இறுதிச் சடங்குகளில் எப்போதாவது காணப்படும் பழைய வழக்கம் அது. நன்றி, மதிப்பு, அன்புக்குரியவருக்கு விடை என்பன அதன் பொருள். 2014 மே 22ஆம் நாள் நம் அண்டை நாடாகிய தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கூட்டம் கூடவும் முழக்கமிடவும் தடை வந்தபோது, மக்கள் பேசாமல் மூன்று விரல்களை உயர்த்தினர். அதற்காகக் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் தொடரின் மூன்றாம் படம் வெளியானபோது, பிரதமரான தளபதியின் முன்னிலையிலேயே கோன் கெனில் ஐந்து மாணவர்கள் விரல்களை உயர்த்தினர். பாங்காக்கில் படம் பார்க்க வந்த மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அங்கொரு திரையரங்கு நிறுவனம் படத்தையே நிறுத்திவிட்டது. 2020இல் தாய்லாந்துப் பள்ளி மாணவர்கள் காலைக் கொடியேற்றத்தின்போது சீருடையில் நின்றபடி அதே சைகையைக் காட்டினர். 2021 பிப்ரவரியில் மியன்மார் இராணுவப் புரட்சிக்குப் பிறகு மருத்துவர்களும் தாதியரும் காட்டினர். அந்நாட்டின் தூதர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலேயே காட்டினார்.

ஓரிடத்தில் ஒரு சிறுமியின் நிறத்தைக் கண்டு கண்ணீரை நிறுத்திக்கொண்டவர்கள். மற்றோரிடத்தில், அந்தச் சிறுமிக்காக உயர்ந்த மூன்று விரல்களைத் தம் கையில் ஏந்திச் சிறைக்குச் சென்றவர்கள். படம் ஒன்றுதான். பார்த்த கண்கள் வேறு.

மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. வணிகக் கூட்டம். கதையில் தலைநகரத்தாரின் ஒப்பனையும் ஆடம்பரமும், பட்டினிப் பிள்ளைகளின் இரத்தத்தின் மேல் பூசப்பட்ட வண்ணம். படத்தையொட்டி அந்தத் தலைநகரத்தின் பெயராலேயே நகப்பூச்சும் ஒப்பனைப் பொருள்களும் விற்பனைக்கு வந்தன. காட்னிஸ் பார்பி பொம்மையானாள். இரசிகர்கள் ஆவலோடு வாங்கினார்கள். கதை எதைப் பழித்ததோ, அதையே கடை விற்றது. எந்தச் சீற்றத்தையும் சரக்காக மாற்றிவிடும் ஆற்றல் சந்தைக்கு உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

'அதெல்லாம் சரி, பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் படத்தைக் காட்டலாமா?' எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இத்தொடர் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்றது. பிரிட்டனில் 12 வயதினர் பார்க்கத்தக்க சான்றிதழ் பெறுவதற்காக இரத்தக் காட்சிகளிலிருந்து ஏழு விநாடிகள் குறைக்கப்பட்டன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படம் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. படிவம் ஒன்று முதல் பார்க்கலாம், ஆனால் தனியே அன்று. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அதே வேளையில் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். அரிவாள் வெட்டும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த தமிழ்ப் படங்களைத் தீபாவளியன்று மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறோமே, அப்போது இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை? அங்கே கொலை கைதட்டலுக்குரியது. இங்கே ஒவ்வொரு சாவும் உறுத்துகிறது. எந்த வன்முறை பிள்ளையின் மனத்தைக் கெடுக்கும்?

இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொலைக்காட்சியில் சிறுவர் பாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. தோற்ற குழந்தை அழும்போது ஒளிப்படக் கருவி அதன் முகத்தை நெருங்குகிறது. பின்னணியில் சோக இசை ஒலிக்கிறது. நாம் இரவு உணவை உண்டபடி 'ஐயோ பாவம்' என்கிறோம். அடுத்த வாரம் மறக்காமல் பார்க்கிறோம். பள்ளிக்கு வெளியே இரண்டு மாணவர் அடித்துக்கொண்டால், விலக்கிவிட ஒரு கை நீள்வதற்குள் படமெடுக்கப் பத்துக் கைப்பேசிகள் நீள்கின்றன. மாலைக்குள் அந்தக் காணொளி பெற்றோர் புலனக் குழுக்களையும் எட்டிவிடுகிறது. அதனை அனுப்புவோர் கெட்டவர்கள் அல்லர். தலைநகரத்துப் பார்வையாளர்களும் கெட்டவர்களாகச் சித்திரிக்கப்படவில்லை. அவர்கள் தமக்குப் பிடித்த போட்டியாளருக்காக அழுகிறார்கள், பரிசு அனுப்புகிறார்கள். ஆனால் ஆட்டத்தை நிறுத்து என்று மட்டும் சொல்வதில்லை. அழுவதற்கும் பரிவதற்கும் இடையிலுள்ள தூரம் அதுவே.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் முன்வைப்பது இவ்வளவுதான். முதலில் நூல், பிறகு படம். ரூ அறிமுகமாகும் பத்தியைப் படிக்கச் செய்து, அவளைப் படமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த பின் பத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எழுத்தில் இல்லாத எது அவர்கள் தாளில் வந்தது, எழுத்தில் இருந்த எது விடுபட்டது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து, 42 சீட்டுகளைக் கணக்குப் பாடமாக்குங்கள்; நிகழ்தகவும் நீதியும் ஒரே வகுப்பில் கற்பிக்கப்படும். படம் முடிந்ததும் 'யார் வென்றார்?' என்று கேட்காதீர்கள். 'யாருக்காக நீ வருந்தினாய், யாருக்காக வருந்தவில்லை, ஏன்?' என்று கேளுங்கள். இரண்டாம் வட்டாரத்துக் கேட்டோ இறக்கும்போது அரங்கில் யாரும் அழுவதில்லை. அவனும் பதின்ம வயதுப் பிள்ளைதான். கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்டவன். அவனுக்காகவும் ஒரு மாணவன் சற்றுத் தயங்குவானாயின், அந்த வகுப்பு வெற்றி பெற்றது எனக் கொள்ளலாம்.

எவ்வளவு படித்தாய் என்பதை அளக்கத் தேர்வுகள் உள்ளன. யாருக்காக உன் நெஞ்சு இளகுகிறது என்பதை அளக்கத் தேர்வு ஏதும் இல்லை. அதனைக் கதைகளே அளக்கின்றன. ரூவின் மரணம் அத்தகைய ஓர் அளவுகோல். அதன் முன் அமெரிக்க இரசிகர் சிலர் தோற்றனர், தாய்லாந்து மாணவர் பலர் தேறினர். நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது, கறுத்த பிள்ளை, ஏழைப் பிள்ளை, பின்வரிசைப் பிள்ளை ஆகியோரைப் பற்றி நாம் வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தப் பேச்சைப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.